அரிசிச் சீமையிலிருந்து போன கோதுமை மந்திரி

மயிலாப்பூர் மாடவீதிகளில் ஒரு காலத்தில் கோதுமைக்கு இருந்த மரியாதை மிகவும் கொஞ்சம். ஏகாதசி, கிருத்திகை போன்ற விரத நாட்களில் இரவுப் பலகாரத்துக்கு அது வேண்டும். நீரிழிவுக்காரருக்கு வைத்தியர் பத்தியம் சொன்னால் வேண்டும். தீபாவளி வந்தால் அல்வாவுக்கு வேண்டும். அதற்கு மேல் கோதுமையைச் சாப்பாடு என்று எண்ணியவர்கள் இல்லை. யுத்த காலத்தில் ரேஷன் வந்து, அரிசியைக் குறைத்துக் கோதுமையைப் பையில் போட்டபோது, சென்னைக் குடும்பங்கள் அதை அழையா விருந்தாளியைப் போலத்தான் வீட்டுக்குள் அழைத்து வந்தன.

இப்படிப்பட்ட அரிசிச் சீமையிலிருந்து டில்லிக்குப் போன ஒருவர்தான் பாரத தேசத்துக் கோதுமையின் தலையெழுத்தை மாற்றினார். விவசாயி தன் வீட்டுக்கு வைத்துக்கொண்டு மிஞ்சியதை வந்த விலைக்கு விற்ற தானியம், பணம் தரும் பயிராக மாறியது அவர் காலத்தில்தான். அவர் அடையாற்றின் கரையில் கோட்டூர்புரத்தில் வாழ்ந்து, 2000-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி, 90 வயது நிறைந்து காலமான ஸ்ரீ சி. சுப்பிரமணியம். ஊர் உலகத்துக்கு சி.எஸ்.

பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளை

1910-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி, கோயமுத்தூர் ஜில்லாவில் பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையம் என்ற சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். மழையையும் கிணற்றையும் நம்பிப் பாடுபட்ட கொங்கு நாட்டுக் குடியானவர்களின் பூமி அது. கோதுமை அங்கே பயிர் அல்ல. மேல்படிப்புக்குச் சென்னைக்கு வந்து, கடற்கரைச் சாலையில் உள்ள மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய சிறிய தந்தை முறையில் ஒருவர் அவருக்கு முன்பே அதே கல்லூரியில் படித்து, மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தின் தொடர்பால் துறவு பூண்டவர். திருப்பராய்த்துறையில் தபோவனம் கண்ட சுவாமி சித்பவானந்தர்தான் அவர். அந்தச் செல்வாக்கு சி.எஸ்.ஸிடம் கடைசி வரை இருந்தது. ஆனால் காவி அவரை இழுக்கவில்லை, கதர் இழுத்தது.

மாணவராக இருந்தபோதே நண்பர்களோடு சேர்ந்து வனமலர்ச் சங்கம் என்று ஒன்றை அமைத்து, 'பித்தன்' என்ற பத்திரிகையையும் நடத்தினார். அந்தக் கூட்டத்தில் ஒருவர், பின்னாளில் தமிழில் கலைக்களஞ்சியம் தொகுத்த பெரியசாமித் தூரன். சட்டம் படித்து முடிப்பதற்குள் சத்தியாக்கிரகம் வந்தது. 1932-இல் சிறை சென்றார். 1936-இல் கோயமுத்தூரில் வக்கீல் தொழில் ஆரம்பித்தார். 1942 போராட்டத்தில் மறுபடியும் சிறை. பின்னர் அரசியல் நிர்ணய சபையில் அங்கத்தினர்.

1952-இல் ராஜாஜி சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியானபோது சி.எஸ்.ஸுக்கு நிதியோடு உணவு இலாகாவும் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ராஜாஜி சர்க்கார் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. ரேஷன் போனால் பஞ்சம் வரும் என்று பயந்தவர்கள் பலர். எடுத்த பிறகு கடைகளில் அரிசி வெளிப்பட்டது. தானியம் இல்லாமல் போவது வேறு, தானியம் ஒளிந்துகொள்வது வேறு என்பதை இளம் மந்திரி கிட்டே இருந்து பார்த்தார்.

1954-இல் ராஜாஜி விலகியபோது, காமராஜரை எதிர்த்துக் கட்சித் தலைவர் பதவிக்கு நின்றவர் சி.எஸ். தோற்றார். காமராஜரோ தம்மை எதிர்த்தவரையும், அவரை ஆதரித்த பக்தவத்சலத்தையும் தம் மந்திரி சபையிலேயே சேர்த்துக்கொண்டார். பஸ்லுல்லா சாலையில் வாழ்ந்த ராஜாஜிக்கும் திருமலைப் பிள்ளை சாலையில் வாழ்ந்த காமராஜருக்கும், தியாகராயநகரில் வீடுகள் கூப்பிடு தூரத்தில்தான். அரசியலில் அந்தத் தூரம் அதிகம். இரண்டு வீட்டுக்கும் வேண்டியவராக இருந்த வெகுசிலரில் சி.எஸ். ஒருவர். கல்வியும் நிதியும் அவர் பொறுப்பில் இருந்த அந்தப் பத்து வருஷங்களுக்குள்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வந்தது. அடையாற்றுக்கும் கிண்டிக்கும் இடையே மான்கள் திரிந்த வனத்தில் ஐ.ஐ.டி. எழுந்தது.

யாரும் விரும்பாத இலாகா

1962-இல் டில்லி சென்றவருக்கு நேரு உருக்கு இலாகாவைக் கொடுத்தார். புதிய இந்தியாவின் செல்லப் பிள்ளையான இலாகா அது. நேரு மறைந்து, 1964 ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி பிரதம மந்திரியானதும், சி.எஸ்.ஸை உணவுக்கும் விவசாயத்துக்கும் மாற்றினார். உருக்கிலிருந்து உணவுக்கு என்றால் பதவி இறங்கியதாகவே டில்லியில் பேச்சு. உணவு மந்திரியாக இருந்து நல்ல பெயர் எடுத்தவர் அதுவரை அநேகமாக இல்லை. விளைச்சல் குறைந்தால் மந்திரிக்கு வசவு. விளைச்சல் கூடினால் மழைக்குப் புகழ்.

அன்றைய நிலைமையை இன்றைய வாசகர்கள் எண்ணிப் பார்ப்பது சிரமம். 1964-65-இல் நாட்டின் கோதுமை விளைச்சல் சுமார் 1 கோடியே 23 லட்சம் டன். ஹெக்டேருக்கு 900 கிலோவைச் சற்றே தாண்டிய மகசூல். துண்டு விழுந்ததை நிரப்பியது பி.எல். 480 என்ற ஒப்பந்தத்தின் கீழ் அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் கப்பல் வந்து நின்றால்தான் ரேஷன் கடை திறக்கும்.

புதிய மந்திரி கேட்ட கேள்வி எளிமையானது. அதிகமாக விளைவித்தால் விவசாயிக்கு என்ன மிச்சம்? பதில் சங்கடமாக இருந்தது. நகரத்தாருக்கு மலிவான தானியம் வேண்டும் என்பதே சர்க்காரின் கவலையாக இருந்து வந்தது. மலிவான அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கினால் மண்டியில் உள்ளூர்க் கோதுமையின் விலை தலைதூக்காது. அறுவடை மாதத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள், விலை சரியும். நாலு மாதம் கழித்து அதே கோதுமை ஏறிய விலைக்குப் போகும். லாபம் கிடங்கு வைத்திருப்பவருக்கு. இந்தக் கணக்கைத் தெரிந்த விவசாயி கடன் வாங்கி உரம் போடுவானா? தன் குடும்பத்துக்குப் போதுமானதை விளைவித்துவிட்டுச் சும்மா இருப்பது அவனுடைய சோம்பல் அல்ல, புத்திசாலித்தனம். பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கட்டுப்படியாகாத பயிரைக் குடியானவன் தொடமாட்டான் என்பது அவர் வீட்டுத் திண்ணையிலேயே தெரிந்த விஷயம்.

எனவே அவர் முதலில் கையில் எடுத்தது விதையை அல்ல, விலையை. எல்.கே. ஜா தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. அதன் யோசனைப்படி 1965 ஜனவரியில் விவசாய விலைக் கமிஷன் பிறந்தது. அதே மாதம் 14-ஆம் தேதி இந்திய உணவுக் கார்ப்பொரேஷன் தொடங்கியது. முதல் ஜில்லா அலுவலகம் தஞ்சாவூரில். தலைமை அலுவலகம் சென்னையில். பிற்பாடு அது டில்லிக்குப் போய்விட்டாலும், பஞ்சாப் கோதுமையை மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்த ஸ்தாபனம் முதலில் பலகை மாட்டியது நம் ஊரில் என்பதைச் சென்னைக்காரர்கள் அநேகர் மறந்துவிட்டார்கள். சந்தையில் விலை எவ்வளவு சரிந்தாலும், குறித்த விலைக்குச் சர்க்கார் வாங்கிக்கொள்ளும் என்ற உறுதி விவசாயிக்குக் கிடைத்தது.

இது சுலபமாக நடந்துவிடவில்லை. எதிர்த்தவர்களில் முக்கியமானவர் இன்னொரு சென்னைக்காரர்தான்: நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி. மயிலாப்பூரை ஒட்டிப் போகும் பழைய மௌப்ரேஸ் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். விவசாயிக்கு விலையை உயர்த்தினால் நகரத்தில் எல்லா விலையும் ஏறும், தொழிலாளர்கள் கூலி கேட்பார்கள், திட்டங்கள் தள்ளாடும் என்பது அவர் வாதம். ரசாயன உரம் வாங்க அந்நியச் செலாவணி எங்கே என்றும் கேட்டார். நிதி மந்திரி என்ற நிலையில் அந்தக் கேள்விகள் நியாயமற்றவை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தானியத்தை வெளிநாட்டில் வாங்கவும் பணம் வேண்டுமே, அதற்குப் பதிலாக உரத்தை வாங்கினால் என்ன என்பது சி.எஸ்.ஸின் கணக்கு. சாஸ்திரி உணவு மந்திரியின் பக்கம் சாய்ந்தார்.

குட்டைப் பயிர்

விலை தயாராயிற்று, விதை வேண்டுமே. பழைய நாட்டுக் கோதுமை ஆள் உயரம் வளரும். உரம் போட்டால் இன்னும் உயரும். கதிர் கனத்ததும் காற்றில் சாய்ந்துவிடும். ஆகையால் அதற்கு உரம் போடுவதே நஷ்டம். இதற்கு மாற்று மெக்ஸிகோவில் இருந்தது. நார்மன் போர்லாக் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஜப்பானிய 'நோரின்' வகையின் குட்டைத் தன்மையை மெக்ஸிகோ கோதுமையில் சேர்த்திருந்தார். இடுப்பளவு உயரம், தடித்த தண்டு, எவ்வளவு உரம் போட்டாலும் நிமிர்ந்து நிற்கும் கதிர். 1963-இல் அவர் இந்தியா வந்து பார்த்துவிட்டு விதைகளை அனுப்பினார். டில்லி பூசா ஆராய்ச்சி நிலையத்தில் அவற்றை விதைத்துப் பரீட்சித்தவர்களில் முன்னின்றவர் கும்பகோணத்தில் பிறந்து, கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் படித்த எம்.எஸ். சுவாமிநாதன். ஹெக்டேருக்கு 4 டன், 5 டன் என்று கண்டபோது விஞ்ஞானிகளே மறுமுறை நிறுத்துப் பார்த்திருப்பார்கள்.

இங்கே நம் மலைகளின் பங்கையும் சொல்லியாக வேண்டும். வட இந்தியாவில் கோதுமை குளிர்காலப் பயிர். வருஷத்துக்கு ஒரு தடவைதான். நீலகிரியின் குளிரில், வெல்லிங்டன் ஆராய்ச்சி நிலையத்தில், மற்ற பருவத்திலும் அதை வளர்க்கலாம். ஒரே ஆண்டில் இரண்டு தலைமுறை விதையைப் பார்த்துவிடலாம் என்பதால் விஞ்ஞானிகளுக்கு வேலை பாதியாயிற்று. கோதுமையின் பரம சத்துருவான துருநோய் வடக்கே கோடை வெயிலில் மடிந்தாலும், நீலகிரியிலும் பழனி மலையிலும் உயிர் பிழைத்து மறுபடி வடக்கே பயணப்படும். ஆகவே நோயைத் தாங்கும் வகை எது என்று சோதிக்கவும் அந்த மலைகளே தகுந்த இடமாயின. சம்பா கோதுமைக்குப் பெயர் பெற்ற நீலகிரி இப்படியும் உதவியது.

சி.எஸ். விஞ்ஞானிகளுக்குக் கொடுத்த மரியாதை அதுவரை அவர்கள் காணாதது. இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் தலைமையில் நிர்வாக உத்தியோகஸ்தர்களே அமர்ந்து வந்தார்கள். 1965-இல் அந்த இடத்துக்கு, தாமே கோதுமை ஆராய்ச்சியில் பேர் பெற்ற பி.பி. பால் வந்தார். விவசாய இலாகாவின் செயலாளர் பி. சிவராமன் காரியத்தில் புலி. மந்திரி முடிவு செய்வார், விஞ்ஞானி விதை தருவார், செயலாளர் கோப்பை நகர்த்துவார் என்று ஓர் ஏற்பாடு அமைந்தது.

ஆனாலும் நம்பாதவர்கள் நிறையப் பேர். அந்நிய விதையோடு அந்நிய நோய் வரும் என்றார்கள். நீரும் பணமும் உள்ள பெரிய மிராசுதாரர்களே லாபம் அடைவார்கள் என்றார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. திட்டக் குழுவிலும் பார்லிமெண்டிலும் வாதம் நீண்டது. அந்தச் சமயத்தில்தான் மந்திரி டில்லியில் தமக்குக் கொடுத்திருந்த பங்களாவின் புல்வெளியை உழச் சொன்னார். ரோஜாப் பாத்திகளும் வெட்டிய புல்லும் அழகு செய்யும் மந்திரி வாசலில் குட்டைக் கோதுமை தலைகாட்டியது. பார்க்க வந்தவர்கள் பயிரைத் தொட்டுப் பார்த்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்று புரிந்தது. விவசாயிகளின் சொந்த வயல்களிலும் மாதிரிச் சாகுபடி நடந்தது. டில்லிக்கு அருகில் ஜௌந்தி என்ற கிராமம் முழுவதும் விதைக் கிராமமாக மாறியது.

நெருப்பு வருஷங்கள்

இவ்வளவுக்கும் நடுவே, 1965 பிப்ரவரியில் எல்லாமே நின்றுபோக இருந்தது. இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியால் தமிழ்நாடு கொதித்துக்கொண்டிருந்தது. மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. நேருவின் உறுதிமொழிக்குச் சட்ட பலம் வேண்டும் என்று கோரி, சி.எஸ்.ஸும் ஓ.வி. அளகேசனும் மத்திய மந்திரி பதவியை ராஜீனாமா செய்தார்கள். அன்று ஜனாதிபதியாக இருந்தவர் மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலை வீட்டுக்காரரான டாக்டர் ராதாகிருஷ்ணன். அந்த ராஜீனாமாக்களை ஏற்பதில் அவருக்குச் சம்மதமில்லை. நேருவின் வாக்குக் காப்பாற்றப்படும் என்று சாஸ்திரி வானொலியில் அறிவித்தார். ராஜீனாமாக்கள் திரும்பின. அன்று சி.எஸ். ஊர் திரும்பியிருந்தால் குட்டைக் கோதுமை எத்தனை வருஷம் தள்ளிப் போயிருக்குமோ!

அந்த ஆண்டே பருவமழை பொய்த்தது. செப்டம்பரில் பாகிஸ்தானுடன் யுத்தம். திங்கட்கிழமை இரவு ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுக்கொடுக்கும்படி சாஸ்திரி நாட்டைக் கேட்டுக்கொண்டார். அமெரிக்க ஜனாதிபதி ஜான்ஸன் கோதுமையை மொத்தமாக அனுப்பாமல், கயிற்றை இழுத்துப் பிடித்தாற்போல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க விவசாய மந்திரி ஃப்ரீமனும் சி.எஸ்.ஸும் சந்தித்து, இந்தியா விவசாயத்துக்கு என்னென்ன செய்யும் என்று ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். அமெரிக்க நெருக்குதலுக்கு மந்திரி பணிந்தார் என்று எதிர்க்கட்சிகள் சாடின. அந்த உடன்பாட்டில் இருந்தவை பெரும்பாலும் அவரே ஏற்கெனவே செய்ய நினைத்தவை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. டிசம்பரில் அவர் வாஷிங்டன் சென்று ஜான்ஸனையும் நேரில் கண்டார்.

1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தார். இந்திரா காந்தி அதே இலாகாவைச் சி.எஸ்.ஸிடமே விட்டார். அந்த ஆண்டு மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை இறக்குமதியாயிற்று. சாப்பிடுவதற்கு அல்ல, விதைப்பதற்கு! ஒரு நாடு அவ்வளவு விதையை ஒரே சமயத்தில் வாங்கியது அதுவரை கேள்விப்படாத செய்தி. நாடு பட்டினியின் விளிம்பில் இருக்கும்போது அருமையான அந்நியச் செலாவணியை மண்ணில் கொட்டுகிறார் என்று ஏசியவர்களும் உண்டு. மழை இரண்டாம் ஆண்டும் ஏமாற்றியது. பீஹாரில் பஞ்சம். 1966-இல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் கப்பலில் வந்தது.

தமிழ்நாட்டிலோ அரிசித் தட்டுப்பாடு. திருவல்லிக்கேணியிலும் மயிலையிலும் கடை வாசலில் வரிசை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற கோஷம் தெருவெங்கும் ஒலித்தது. 1967 பிப்ரவரித் தேர்தலில் காங்கிரஸ் கவிழ்ந்தது. காமராஜரும் பக்தவத்சலமும் தோற்றார்கள். சி.எஸ்.ஸும் தோற்றார். பஞ்சாபில் அவர் போட்ட விதை முளைத்து நின்ற மாதம் அது. சொந்த ஊரில் அரிசி அவரை வீழ்த்தியது. உணவு இலாகா ஜகஜீவன்ராமிடம் போயிற்று.

மறு வருஷம், 1968-இல், அறுவடை வந்தது. 1966-67-இல் 1 கோடியே 14 லட்சம் டன்னாக இருந்த கோதுமை, 1967-68-இல் 1 கோடியே 65 லட்சம் டன் ஆயிற்று. மழையும் துணை செய்தது உண்மைதான். மழை மட்டும் இப்படிச் செய்ததில்லை. பஞ்சாபில் சாக்குப் போதவில்லை, வண்டி போதவில்லை, கிடங்கு போதவில்லை. பள்ளிக்கூடக் கட்டடங்களில் மூட்டைகளை அடுக்கினார்கள். ஜூலையில் கோதுமைப் புரட்சி என்று தபால் தலை வெளியாயிற்று. அதைத் திட்டமிட்டவர் அப்போது மந்திரியும் அல்ல, பார்லிமெண்ட் அங்கத்தினரும் அல்ல.

புதிய கோதுமைக்கு ஒரு குறை சொன்னார்கள்: மணி சிவப்பு, சப்பாத்தி பார்வையாக வரவில்லை. வட இந்தியருக்குக் கோதுமை பொன் நிறமாக இருந்தால்தான் திருப்தி. மண்டியிலும் சிவப்பு மணிக்கு விலை குறைவு. நம்மவர்கள் புழுங்கலா பச்சையா என்று பார்ப்பது போல. விஞ்ஞானிகள் அதையும் சரி செய்தார்கள். கல்யாண் சோனா, சோனாலிகா போன்ற பொன்னிற வகைகள் இந்திய நிலையங்களிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டன. 1970-71-இல் விளைச்சல் 2 கோடியே 38 லட்சம் டன்னை எட்டியது. குழாய்க் கிணறும் டிராக்டரும் வாங்கிய பஞ்சாப் விவசாயி, மண்டிக்கு விற்பதற்கென்றே கோதுமை பயிரிட்டான்.

கோட்டூர்புரத்தில்

பிற்கால வரலாறு நீண்டது. திட்டக் குழுவின் துணைத் தலைவர், 1974 முதல் நிதி மந்திரி, 1979-இல் ராணுவ மந்திரி என்று பல பதவிகள். கிராமிய வங்கிகள் 1975-இல் பிறந்தது அவர் நிதி மந்திரியாக இருந்தபோது. நெருக்கடி நிலையின்போது அந்த மந்திரி சபையில் இருந்தார் என்பதும் அவர் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். 1990-இல் மகாராஷ்டிர கவர்னரானார், 1993-இல் விலகினார். பாரதீய வித்யா பவனின் தலைவராக இருந்தார். அவருடைய சுயசரிதையை மூன்று பாகங்களாக வெளியிட்டதும் பவன்தான்.

அந்திம காலத்தை அவர் கழித்தது கோட்டூர்புரத்தில். 1998-இல் அவருக்குப் பாரத ரத்னம் வழங்கப்பட்டது. அதே ஆண்டு அதே விருது எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும் கிடைத்தது, அவர் வீடும் கோட்டூர்புரத்தில்தான். ஒரே பேட்டையில் ஒரே வருஷம் இரண்டு பாரத ரத்னம் என்ற பெருமை சென்னையில் வேறு பேட்டைக்கு உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

அந்த வயதிலும் அவர் பேச்சு நிலத்தைப் பற்றியே இருந்தது. குட்டைக் கோதுமை கொண்டு வந்த தொல்லைகளும் அதற்குள் வெளிப்பட்டுவிட்டன. பஞ்சாபில் நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழே போயிற்று. உரமும் மருந்தும் அளவு மீறின. விலை உறுதி கோதுமைக்கும் நெல்லுக்கும் இருந்ததால் விவசாயிகள் அவற்றையே பயிரிட்டார்கள். பருப்பும் புஞ்சைத் தானியங்களும் பின்தங்கின. பெரிய விவசாயிக்குக் கிடைத்த லாபம் மானாவாரிச் சிறு விவசாயிக்கு எட்டவில்லை. கட்டுப்படியாகும் பயிரைத்தான் குடியானவன் தொடுவான் என்று 1964-இல் சொன்னவரின் கணக்கு, இந்த விதத்திலும் பலித்துவிட்டது.

சிறு விவசாயியின் நிலத்தில் மண்ணைச் சோதித்து, மகசூலைக் கூட்டி, வருமானத்தை உயர்த்துவது எப்படி என்பதற்காகச் சென்னையில் தேசிய விவசாய ஸ்தாபனம் ஒன்றை அவர் தொடங்கினார். அது 2000-ஆம் ஆண்டு. அந்த ஆண்டு நவம்பரில் அவர் கண்ணை மூடினார். கோட்டூர்புரத்தில் இன்று அண்ணா நூற்றாண்டு நூலகம் உயர்ந்து நிற்கிறது. பக்கத்துத் தெருக்களின் ரேஷன் கடைகளில் அரிசியோடு கோதுமையும் போடுகிறார்கள். மயிலாப்பூர் வீடுகளிலும் இரவுக்குச் சப்பாத்தி என்றால் இப்போது யாரும் விரதமா என்று கேட்பதில்லை.